முதல் மிடறுக்கு மதிப்பெண் இடாதீர்கள்

பேஸ்ட்ரி ஸ்டவுட்டுகளைச் சுவைத்து மதிப்பெண் இடும் போட்டி நடுவர்களுக்கும், நண்பர்களாகக் கூடிப் புட்டி திறந்து குறிப்பெழுதும் சுவைக்குழுவினருக்கும்,



கேக், பை, கிரீம் புரூலே, தேங்காய் மிட்டாய் என்று இனிப்புப் பண்டங்களின் பெயரைச் சூடி வரும் கறுப்பு பியர்கள் இன்று கைவினை பியர் உலகின் ஓரத்தில் நடக்கும் விளையாட்டாக இல்லை. ஸ்டாக்ஹோமின் ஆம்னிபொல்லோ நிறுவனம் ‘நோவா பீக்கன் மட் கேக்’ என்ற பெயரில் 11 சதவீத ஆல்கஹால் கொண்ட ஸ்டவுட் விற்கிறது. நியூயார்க் மாநிலத்தின் சதர்ன் டியர் ஆலையின் கிரீம் புரூலே ஸ்டவுட்டைப் பார்த்து வளர்ந்த பியர்கள் பல. அமெரிக்காவின் பெரிய பியர் போட்டியில் இனிப்புப் பண்ட ஸ்டவுட்டுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. இந்த வளர்ச்சியில் உங்கள் கைக்கும் பங்கு உண்டு. எந்தப் புட்டிக்கு அதிக மதிப்பெண் விழுகிறதோ அதைப் போலத்தான் அடுத்த ஆண்டு பத்து ஆலைகள் காய்ச்சும். நீங்கள் இந்த பியர்களை விரும்புவது தவறு என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. நீங்கள் சுவைக்கும் முறை இவற்றில் சிறந்தவற்றைப் பின்னுக்குத் தள்ளி, வெறும் இனிப்பை முன்னுக்குக் கொண்டுவருகிறது என்பதையே சொல்ல வருகிறேன். இந்த வகை பியரைக் கோப்பையின் அடி தெரிந்த பிறகுதான் மதிப்பிட வேண்டும்.

தமிழில் ‘திகட்டல்’ என்றொரு சொல் உண்டு. இனிப்புக் கூடிவிட்டது என்பதும் திகட்டுகிறது என்பதும் ஒன்றல்ல. இனிப்புக் கூடியிருந்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். திகட்டலுக்கு நேரம் வேண்டும். முதல் துண்டில் நாவில் வழுக்கிக் கரைந்த அதே அல்வாதான் நான்காவது துண்டில் தொண்டையோடு நின்றுகொள்கிறது. அல்வா மாறவில்லை, உண்பவர் மாறிவிட்டார். 1981இல் ஆய்வாளர் பார்பரா ரோல்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. ஓர் உணவை வேண்டிய மட்டும் உண்டவர்களிடம் கேட்டபோது, உண்ட உணவின் மேல் இருந்த விருப்பம் வெகுவாக இறங்கியிருந்தது. தொடாத மற்ற உணவுகளின் மேல் அந்த அளவுக்கு இறங்கவில்லை. வயிறு நிறைந்தது மட்டுமே காரணம் என்றால் எல்லாமே ஒரே அளவில் சலித்திருக்க வேண்டும். திகட்டல் குறிப்பிட்ட சுவையோடு ஒட்டிய சலிப்பு. அந்தச் சுவையில் கொஞ்ச நேரம் இருந்தால்தான் வரும். ஒரு பேஸ்ட்ரி ஸ்டவுட்டின் ஆகப் பெரிய குறை திகட்டலாகத்தான் இருக்க முடியும். அந்தக் குறை வெளிப்படும் முன்பே கோப்பையை நகர்த்திவிடும் முறையைத்தான் நாம் சுவைத்தல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சிறு கோப்பை இனிப்புக்குச் சாதகம் செய்யும் என்பதற்குப் பானத் தொழிலிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1975இல் பெப்சி தொடங்கிய பொதுச் சவாலில், பெயர் தெரியாமல் சிறு குவளையில் சுவைத்தவர்களில் பலர் சற்றே இனிப்புக் கூடிய பெப்சியைத் தேர்ந்தார்கள். கோக்கா கோலா நிறுவனம் ஏறக்குறைய 2 இலட்சம் சுவைச் சோதனைகள் நடத்தி, தன் பானத்தை இன்னும் இனிப்பாக்கி, 1985 ஏப்ரல் 23 அன்று புதிய கோக்கை வெளியிட்டது. சோதனைகளில் வென்ற பானம் அது. ஆனால் 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்தத் தோல்வியில் பழைய பானத்தின் மேல் மக்களுக்கு இருந்த பற்றுக்கும் பெரும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் ஒரு மிடறில் பிடித்தது ஒரு புட்டி முழுவதும் பிடிக்கும் என்று நம்பிக் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பரிசோதனையை நான் அறியேன். போட்டி மேசையில் உங்கள் முன் வைக்கப்படுவது இரண்டு மூன்று அவுன்ஸ். பியர் திருவிழாக்களில் அதைவிடவும் குறைவு. அதற்கு முன்னும் பின்னும் வேறு கோப்பைகள் வரிசையில் நிற்கின்றன. 12 சதவீத வனிலா ஸ்டவுட்டுக்கு அடுத்து வரும் 5 சதவீத ஓட்ஸ் ஸ்டவுட் தண்ணீராகவும் புளிப்பாகவும் தோன்றினால், அது அந்த பியரின் குற்றமல்ல.

கோப்பைக்குள் நடப்பதையும் பாருங்கள். நேரம் போகப் போக மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன, மூன்றும் ஒரே திசையில் தள்ளுகின்றன. முதலாவது சூடு. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் நேச்சர் இதழில் எழுதியபடி, நாவின் இனிப்பு உணர்விற்குத் துணைபோகும் டிஆர்பிஎம்5 என்ற நுண்கதவு சூட்டில் நன்றாகத் திறக்கிறது, குளிரில் ஒடுங்குகிறது. உருகிய ஐஸ்கிரீம் தாங்க முடியாத இனிப்பாக இருப்பது இதனால்தான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து ஊற்றிய ஸ்டவுட்டின் முதல் மிடறு, அந்தக் கோப்பையிலேயே இனிப்புக் குறைந்த மிடறு. இரண்டாவது வாயு. நுரையோடு வரும் கரியமில வாயுவின் சுருக்கென்ற கடியும் மெல்லிய புளிப்பும் இனிப்பைத் தடுத்து நிறுத்துகின்றன. வாயு போன சோடாவைக் குடித்த எவருக்கும் அந்தத் தடுப்பு விலகினால் என்ன மிஞ்சும் என்று தெரியும். மூன்றாவது மூக்கின் பழக்கம். வனிலாவின் மணமும் தேங்காயின் மணமும் சில நிமிடங்களில் மூக்குக்குப் பழகி மங்கிவிடும். நாவில் ஒட்டும் கனமோ மங்குவதில்லை. நாவும் இனிப்புக்குப் பழகும்தானே என்று கேட்பீர்கள். பழகும். பழகியபின் குறைவது இனிப்பின் தெளிவு. சர்க்கரையின் பசை அப்படியே இருக்கிறது. முதல் மிடறில் மணம், குளிர்ச்சி, கடி எல்லாம் இருக்கின்றன. அதற்கு இடும் மதிப்பெண், பத்து நிமிடம் கழித்துக் கோப்பையில் இருக்கப்போகும் பானத்துக்குப் பொருந்தாது.

இந்தப் பசை எவ்வளவு என்பதை எண்களில் பார்ப்பது நல்லது. புளித்து முடிந்த பியரின் அடர்த்தியைத் தண்ணீரை 1.000 என்று வைத்து அளப்பார்கள். பியர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் பிஜேசிபி அமைப்பின் வழிகாட்டியில் உலர்ந்த ஐரிஷ் ஸ்டவுட்டுக்கு 1.007 முதல் 1.011 வரை, இனிப்பு ஸ்டவுட்டுக்கு 1.012 முதல் 1.024 வரை, 12 சதவீதம் வரை போகும் இம்பீரியல் ஸ்டவுட்டுக்கே 1.018 முதல் 1.030 வரைதான். பேஸ்ட்ரி ஸ்டவுட்டுகளில் 1.040ஐத் தாண்டுவது சாதாரணம். ஈஸ்ட் தின்னாமல் விட்ட மிச்சம்தான் இது. பால் சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் நொதி பியர் ஈஸ்டிடம் கிடையாது. எனவே போட்ட லாக்டோஸ் முழுவதும் அப்படியே தங்கும். இந்த எண் தன்னளவில் குற்றமில்லை. தராசின் எதிர்ப்பக்கத் தட்டில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதே கேள்வி. ஹங்கேரியின் டோக்காய் அசு வைனில் லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை இருந்தாக வேண்டும் என்பது விதி. அது ஏன் திகட்டுவதில்லை? கூர்மையான புளிப்பு அதற்குச் சரிநிகராக நிற்கிறது. ஸ்டவுட்டில் அந்தப் புளிப்பு இல்லை. அதன் இடத்தில் கருகலின் கசப்பும் ஹாப்ஸின் கசப்பும் நிற்க வேண்டும். அவை நிற்கின்றனவா, முதல் சில மிடறுகளோடு ஒளிந்துகொள்கின்றனவா என்பதைக் கோப்பையின் பாதி தாண்டாமல் எவராலும் சொல்ல முடியாது.

வனிலாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் குறிப்புகளில் அதிகம் வரும் சொல் அது. வனிலின் இனிப்பான பொருளே அல்ல. அதன் மணம் நாவுக்கு இனிப்பைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஏலக்காயை மென்றால் காரமும் கசப்புமாக இருக்கும். ஆனால் அடுக்களையிலிருந்து ஏலக்காய் மணம் வந்தால் பாயசம் கொதிக்கிறது என்று நம் வாய் ஊறத் தொடங்குகிறது. மணத்தையும் சுவையையும் சேர்த்தே நினைவில் வைக்கும் பழக்கம் இது. ஓக் பீப்பாயின் உட்புறத்தைச் சுடும்போது மரத்தின் லிக்னின் உடைந்து வனிலின் தானாகவே உருவாகிறது. எனவே போர்பன் பீப்பாயில் ஓய்ந்த ஸ்டவுட்டுக்கு ஒரு வனிலாக் காய்கூடப் போடாமலே அந்த மணம் வரும். அதற்கு மேலும் வனிலா கொட்டுவது எதற்கு? லேபிளில் எழுதிய பண்டத்தை முதல் மோப்பத்திலேயே நீங்கள் அடையாளம் காண வேண்டும் என்பதற்கு. லேபிள் எவ்வளவு வலிமையானது என்பதற்குப் பிரான்சில் நடந்த ஓர் ஆய்வு போதும். 2001இல் வெளியான அதில் வைன் படிக்கும் 54 மாணவர்களுக்கு, மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை வைனைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் விவரித்தார்கள். பயிற்சி பெற்ற மூக்குகளை ஒரு நிறமே இப்படி வழிநடத்தும் என்றால், ‘பீக்கன் கேக்’ என்ற பெயரைக் கேட்டபின் பீக்கன் மணக்காத மூக்கு எது? லேபிள் சொன்ன பண்டம் கிடைத்ததா என்பது பியரைப் பற்றிய கேள்வியாக எனக்குப் படவில்லை. மணத்துளிகள் வாங்கிக் கலக்கத் தெரிந்த எவரும் அதில் தேறிவிடலாம்.

பியரைப் பற்றிய கேள்வி தானியத்தில் தொடங்குகிறது. 1817இல் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டை உருளையில் வறுக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகுதான், இலண்டனில் ஏற்கனவே நூறாண்டு வாழ்ந்திருந்த போர்ட்டருக்கும் அதன் வலிய உடன்பிறப்பான ஸ்டவுட்டுக்கும் இன்று நாம் அறிந்த கருமையும் வறுவல் சுவையும் வந்தன. காப்பிக் கொட்டையை, கொக்கோவை, ரொட்டியின் மேல்தோலை மணக்க வைக்கும் அதே வேதிவினைகள்தான் வறுத்த பார்லியிலும் நடக்கின்றன. அவற்றில் முதன்மையானதை 1912இல் விவரித்த மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. சாக்லேட்டும் காப்பியும் கருகிய வெல்லப்பாகும் ஸ்டவுட்டுக்கு வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய விருந்தாளிகள் அல்ல, வீட்டு மனிதர்கள். இதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. நுவரெலியாவில் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய பியர்த் தொழிலின் வாரிசான லயன் ஸ்டவுட், இன்று கொழும்புக்கு அருகே பியகமவில் காய்ச்சப்படுகிறது, 8.8 சதவீதம். பிரித்தானியப் பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் அதைப் பாராட்டி எழுதி உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். வெப்ப நாடுகளில் வளர்ந்த இந்த வகையை நடுவர் வழிகாட்டி இப்போது ‘ட்ராப்பிகல் ஸ்டவுட்’ என்று தனியாகவே வைத்திருக்கிறது: இனிப்பானது, பழமணம் கொண்டது, கருகலின் கடுமை இல்லாதது. அந்த வகையில் வனிலாக் காயும் லாக்டோஸும் போடும் மரபு கிடையாது. வெல்லப்பாகும் சாக்லேட்டும் அதில் பெரும்பாலும் தானியத்தின் வழியாகவே வருகின்றன. கூடவே அதற்குரிய கசப்பும் வருகிறது. அதனால்தான் அதை ஒரு புட்டி முழுவதும் குடிக்க முடிகிறது.

இப்படிச் சொல்வதால் என்னைத் தூய்மைவாதி என்று எண்ணிவிட வேண்டாம். 1516இல் பவேரியாவில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் பியரில் கூடாது என்று விதித்த சட்டத்துக்கும் ஸ்டவுட்டுக்கும் எந்த உறவும் இல்லை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் மேக்கசன் ஆலை 1907இலேயே லாக்டோஸ் போட்டுப் பால் ஸ்டவுட் காய்ச்சியது. சேர்மானம் ஸ்டவுட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது. சேர்த்த பொருள் பியரோடு பேசுகிறதா, அதை வாயடைக்கிறதா என்பதே என் கவலை. ஃபுளோரிடாவின் சிகார் சிட்டி ஆலை ஹுனாபு ஸ்டவுட்டில் கொக்கோ, வனிலா, பட்டை இவற்றோடு மிளகாயும் சேர்க்கிறது. மிளகாயின் காரம் மிடறுக்கு மிடறு சேர்ந்துகொண்டே போகும் இயல்புடையது. இனிப்பு ஏறும்போது அதுவும் ஏறும். கொக்கோ நறுக்கிலும் காப்பியிலும் கசப்பு இருக்கிறது. இப்படி எதிர்ப்பக்கத்துக்கு எடை சேர்க்கும் பொருள் ஒரு வகை, இனிப்பின் பக்கமே மேலும் எடை ஏற்றும் மார்ஷ்மெல்லோவும் மேப்பிள் பாகும் வேறு வகை. முதல் மிடறு இவ்விரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது.

உங்களில் சிலர் சொல்லும் மறுப்பு வலுவானது. பேஸ்ட்ரி ஸ்டவுட்டை யாரும் பைண்ட் கணக்கில் குடிப்பதில்லை, அது உணவுக்குப் பின் நாலு பேர் பகிரும் சிறு கோப்பை, சிறு கோப்பைக்குச் சிறு கோப்பையிலேயே தீர்ப்புச் சொல்வதில் என்ன தவறு என்பது அது. பகிர்ந்து குடிப்பது உண்மை; அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் 330 மில்லி புட்டியை இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 165 மில்லி. போட்டி மேசையில் வரும் அளவைப் போல இரண்டு மடங்கு அது. திருவிழாத் துளியோடு ஒப்பிட்டால் இன்னும் பல மடங்கு. அதைக் குடித்து முடிக்கக் கால் மணி நேரமாவது ஆகும். மேலே சொன்ன மூன்று மாற்றங்களுக்கும் அந்தக் கால் மணி நேரம் தாராளம். சிறு கோப்பை என்றால் உண்மையான சிறு கோப்பையாக இருக்கட்டும். இன்னொரு பக்கம், ஒரு மிடறுக்கு மேல் தாங்காது என்பதே ஒரு பானத்தின் தற்காப்பு என்றால், அந்தத் தற்காப்பிலேயே மதிப்பெண் அடங்கியிருக்கிறது.

மக்களுக்குப் பிடித்திருக்கிறது, வாங்குகிறார்கள், பியர் கசப்பு என்று ஒதுங்கியவர்கள் இதன் வழியாக உள்ளே வருகிறார்கள் என்ற வாதமும் உண்டு. வரட்டும். பிடித்ததைக் குடிக்க எவரும் எவரிடமும் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை. ஆனால் விருப்பம் வேறு, மதிப்பீடு வேறு என்பதை ஏற்றுக்கொண்டதால்தான் நீங்கள் நடுவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் கையிலுள்ள ஐம்பது மதிப்பெண் தாளைப் பாருங்கள்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, மொத்த நிறைவுக்கு 10. அந்தக் கடைசிப் பத்தில் குடிக்கும் இன்பத்தைப் பற்றி எழுதச் சொல்கிறது தாள். முகர்வதையும் சுவைப்பதையும் தாண்டிக் குடிப்பதைப் பற்றிக் கேட்கும் ஒரே இடம் அதுதான். குடிக்காமல் அந்தப் பத்தை எப்படி இடுகிறோம்? மற்ற வகைகளில் ஓரளவு ஊகித்துவிடலாம். உலர்ந்த ஐரிஷ் ஸ்டவுட்டின் முதல் மிடறும் கடைசி மிடறும் வெகுதூரம் விலகுவதில்லை. பேஸ்ட்ரி ஸ்டவுட்டில் அந்தத் தூரமே அந்த பியரின் கதை.

உங்கள் குறிப்புகளில் பாராட்டாக வரும் ஒரு வாக்கியத்தையும் மறுபரிசீலனை செய்யக் கேட்டுக்கொள்கிறேன்: ‘12 சதவீதம் என்று தெரியவே இல்லை.’ 330 மில்லியில் 12 சதவீதம் என்றால் ஏறக்குறைய 31 கிராம் ஆல்கஹால். 10 கிராமை ஓர் அளவாகக் கொள்ளும் கணக்கில் மூன்று அளவு. அதைச் சர்க்கரைக்குள் மறைப்பது காய்ச்சுபவரின் திறமைக்குச் சான்றல்ல. தொண்டையில் இறங்கும் மெல்லிய சூடு குடிப்பவருக்கு ஓர் அறிவிப்பு. இனிப்பைத் தடுத்து நிறுத்தும் எடைகளில் ஒன்றும்கூட. அது எரிச்சலாக இருந்தால் குறையாக எழுதுங்கள். இதமாக இருந்தால், இருக்கிறது என்றே எழுதுங்கள்.

நடைமுறையில் நான் கேட்பது அதிகமில்லை. ஒரு மேசைக்கு ஆறு பேஸ்ட்ரி ஸ்டவுட் என்றால் அதை மூன்றாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் அதற்கேற்பக் கூடுதலாக ஊற்றுங்கள். அளவு கூடுவதால் குடிக்கும் மொத்தமும் கூடிவிடாது. பண்டத்தின் பெயரைச் சொல்லாமல் ஊற்றச் சொல்லி, மணத்தில் கண்டதை முதலில் எழுதிவிட்டு, சேர்மானப் பட்டியலைப் பிறகு வாங்கிப் பாருங்கள். மணத்துக்கும் தோற்றத்துக்கும் உடனே மதிப்பெண் இடலாம், அவை அந்த நேரத்துக்கு உரியவை. சுவைக்கும் வாயுணர்வுக்கும் மொத்த நிறைவுக்கும் உரிய கட்டங்களைக் காலியாக விட்டு, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருங்கள். குளிர் விட்டு, நுரை அடங்கி, அடியில் ஒரு விரல் உயரம் மிஞ்சும்போது அதைக் குடித்துவிட்டுப் பேனாவை எடுங்கள். எந்தக் கோப்பையில் அந்த ஒரு விரல் குடிக்கப்படாமலே மிஞ்சிவிட்டது என்பதையும் தாளில் குறித்து, காய்ச்சியவருக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
ஸ்டவுட்டை நேசிக்கும் ஒருவர்